கப்பல் மீன்

முதுநகர் மீன் மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டினார். "கப்பல்ல புடிச்சதும்மா, ருசி ஜாஸ்தி."

கரைக்குச் சற்றுத் தள்ளி, என்றோ மூழ்கிய கப்பல் ஒன்று கடலுக்கடியில் கிடக்கிறது. பாசி படிந்த அதன் இரும்பைச் சுற்றி மீன் மண்டும், வலையும் சிக்கும். என் சிறுவயதில் அப்பா அங்கிருந்துதான் சங்கரா கொண்டுவருவார். அவர் சட்டையில் டீசலும் உப்பும் மணக்கும். அம்மா புளியைக் கரைத்துவைத்துக் காத்திருப்பாள்.

ஒருநாள் வலை கப்பலில் மாட்டிக்கொண்டது. புது வலை. அறுத்துவிட மனமில்லாமல் அப்பா முங்கினார். மேலே வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு எந்த மீன்கூடை வாசலில் இறங்கினாலும் அம்மா முதலில் கேட்பாள்: "எங்க புடிச்சது?" கப்பல் என்றால் கூடையையே தள்ளிவிடுவாள். அந்த மீன்கள் எதைத் தின்று வளர்ந்தனவோ என்ற நடுக்கம் அவளுக்கு. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அம்மாவுக்கு எல்லாம் மறந்துவருகிறது. இன்று காலை அவளே பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"கப்பல் மீனா பாத்து வாங்கியா. ஒங்கப்பா பசியோட வருவாரு."

மீன்காரம்மாவிடம் பையை விரித்துப் பிடித்தேன்.