காதொடிந்த குதிரையைத் தேடி மணப்பாறை வரை

சென்ற பங்குனியில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் போனேன். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் சட்டைப் பையில் ஒரு மரத்துண்டு இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான், ஒரு பக்கம் வெள்ளைச் சாயம். அது ஒரு ராட்டினக் குதிரையின் இடது காது நுனி. அதைக் குதிரையிடமே திருப்பிச் சேர்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

1953 கோடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி கோமளவல்லி ஸ்ரீரங்கத்துப் பெண். மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தபோது திருச்சியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே எட்டு மரக்குதிரைகள் வைத்த குடை ராட்டினம் ஒன்று இருந்தது. நான்கு ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். ஆளுக்கு ஓரணா டிக்கெட் வாங்கிய பிறகு, ஏறப் போன கோமளா நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இது அப்பிரதட்சிணமா சுத்தறதே. நான் ஏறமாட்டேன்."

பிறந்ததிலிருந்து பெருமாள் வலம் வரும் வீதியில் வளர்ந்தவள். இடமாகச் சுற்றும் எதிலும் அவள் ஏறப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ராட்டினக்காரர் காதிலும் அது விழுந்தது. "அம்மாவுக்காக ஒரு தடவ மாத்திச் சுத்துங்கப்பா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

குதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பவை, திருப்பிச் சுற்றினால் பின்பக்கமாகத்தான் போகும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எட்டுக் குதிரைகளும் பின்னோக்கி ஓடின. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கோமளா கண்ணை இறுக மூடிக்கொண்டு குதிரையின் காதைப் பிடித்தாள். அதன் நுனி கையோடு வந்துவிட்டது. முந்தானையில் மறைத்துக்கொண்டு, இறங்கியதும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அந்தத் துண்டு அவளுடைய குங்குமச் சிமிழில் இருந்தது. "அடுத்த தடவை திருச்சி போறச்சே குடுத்துடணும்னா. பாவம், காதில்லாம நிக்கும்" என்பாள். ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தட்டிக் கழித்தேன். போன ஐப்பசியில் நான்கு நாள் ஜுரத்தில் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த ஒன்றுதான். இதையும் செய்யாமல் விட்டால் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது.

காலை 5.50 பாசஞ்சர் திருச்சிக்கு 9.20க்குப் போய்ச் சேர்ந்தது. பொருட்காட்சி நடந்த மைதானத்தில் லாரிகள் நின்றன. பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், ராட்டினக்காரர் சண்முகம் தொழிலை விட்டு ஐந்தாறு வருஷம் ஆகிறது, ஸ்ரீரங்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் கட்டணம் இருபது காசு, அரை மணி நேரம். காவிரிப் பாலத்தில் ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் எப்போதும் அவளுடையது, பழக்கம் விடவில்லை. மாமனார் வீடு இருந்த தெரு வழியாகவே நடந்தேன். வாசலில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள், எனக்குத் தெரியாதவர்கள்.

சண்முகத்தின் கடையில் பெஞ்சுக்குப் பதிலாக, மேலும் கீழுமாகச் சுற்றும் பெரிய ராட்டினத்தின் தொட்டி ஒன்றைப் போட்டிருந்தார்; அதுவும் அவர் தொழிலில் மிஞ்சியதுதான்.

"உக்காருங்க சாமி. பயப்படாதீங்க, இது இப்ப மேல போவாது."

ராட்டினத்தின் இரும்பெல்லாம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குத் தூணாகிவிட்டது என்றார். குடைத் துணி யார் வீட்டு வைக்கோல் போரையோ மூடியிருக்கிறதாம். குதிரைகளில் ஐந்து மழையில் நனைந்து உளுத்துப் போய் வெந்நீர் அடுப்புக்குப் போயின. இரண்டைத் திருச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் வாங்கினார், குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க. காதொடிந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துப் பெருமாள் கோயிலுக்குக் குதிரை வாகனம் வேண்டும் என்று வந்தார்கள். புதிதாகச் செய்ய அவர்களுக்கு வசதி இல்லை. சும்மாவே கொடுத்துவிட்டாராம். அந்தக் காதை ஒடித்தது என் மனைவிதான் என்றேன்.

"பின்னாடி ஓடுன குதிரைதானே? ஒரு வாரம் சிரிச்சோமுங்க. எனக்கு அந்த அம்மாவ நல்லா ஞாபகம் இருக்கு. வரலீங்களா?"

"வரலை" என்றேன்.

வாகனம் வருஷத்தில் ஒரே நாள், திருவிழாவின் எட்டாம் நாள்தான் வெளியே வரும், அது நாளைக்குத்தான் என்றும் அவரே சொன்னார். அப்படி ஒரு நாளில் போய் நின்றது என் சாமர்த்தியம் அல்ல.

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் மணப்பாறை. இருபத்து மூன்று மைல், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தெற்கே நான்கு மைல். திருவிழாவுக்குப் போகும் ஒரு குடும்பம் வண்டியில் இடம் கொடுத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, "ஒத்தையாவா வந்தீங்க? திருவிழாவுக்கு யாராச்சும் ஒத்தையா வருவாங்களா!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் வழியெல்லாம் அது என்னை விடவில்லை.

கோயில் மண்டபத்தில் குதிரை நின்றது. பளிச்சென்று வெள்ளை பூசி, கழுத்தில் பொன்வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஆனால் பல்லெல்லாம் தெரியும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ராட்டினத்தின் உள்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்று இடப்பக்கத்தைச் செதுக்காமலே விட்டிருந்ததும் அப்படியே இருந்தது. முதுகில் கம்பி போன ஓட்டையை அடைத்திருந்தார்கள். காதுகளைப் பார்த்தேன். இரண்டும் முழுசாக இருந்தன.

பக்கத்தில் ஆசாரி வாகனத்தைத் தூக்கும் தண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கையில் எடுத்துக் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"பின்னமான உருப்படியில சாமி எழுந்தருள மாட்டாருங்க. அதான் பழைய காது ரெண்டையும் சீவிட்டுப் புதுசா வச்சேன். இது இனிமே ஒட்டாதுங்க."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. நான் தட்டிக் கழித்த வருஷங்களில் குதிரைக்கு வேறு காது முளைத்துவிட்டது. கோமளாவின் துண்டுக்கு உலகத்தில் இனி இடமே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குப் புறப்பாடு. வாகனம் தூக்குபவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருமாள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். அன்று ஒருவருக்குக் காய்ச்சல். ஊர்ப் பெரியவர் கூட்டத்தில் உயரம் பார்த்துக்கொண்டே வந்து என் முன் நின்றார்.

"சாமி, நீங்க சரியா இருக்கீங்க. இடப்பக்கத் தண்டுக்குத் தோள் குடுங்க."

கொடுத்தேன். தபால் ஆபீசில் உட்கார்ந்தே தேய்ந்த உடம்பு, முதல் திருப்பத்திலேயே தோள் எரிந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு நின்று தேங்காய் உடைத்தார்கள். சுற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். வழியில் நிமிர்ந்து பார்த்தபோது குதிரையின் மொழுக்கென்ற இடப்பக்கம் என் தலைக்கு மேலே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்த காது இருந்த பக்கம்.

நீங்களும் போவதாக இருந்தால் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் எது என்று கோயிலில் விசாரித்துக்கொண்டு போங்கள். மற்ற நாளில் வாகன அறை பூட்டியிருக்கும். மணப்பாறையிலிருந்து திருச்சிக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு, ஏழரைக்கே வந்து நில்லுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். முறுக்கு பஸ் நிலையத்திலேயே கிடைக்கும். நான் பழக்கத்தில் இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டேன். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். யாராவது எதையாவது செய்யச் சொல்லிக் கேட்டால், கேட்கும்போதே செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து துண்டைப் பழையபடி குங்குமச் சிமிழில் வைத்தேன். தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"கோமளா, இப்போ வலமாத்தான் சுத்தறது" என்று சொன்னேன். "முன்னாடி பார்த்துண்டே போறது."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தேன். பிறகு சிமிழை மூடினேன்.