விரலில் மடித்து வந்த கட்டுரை

வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது, முதலாம் வருடக்காரர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு. என் சிவப்புப் பேனாவுக்கு நல்ல பெயர் இருந்தது. அவர்களில் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். பனிச்சங்கேணிக்காரன். வெயிலில் கறுத்த நெடிய உடம்பு, கழுத்துவரை பூட்டிய சட்டை.

"கட்டுரை எங்க தம்பி?"

"மனசில இரிக்குக்கா. களப்பில எங்க ஆழம், எங்கால தோணி போகும் எண்டு எழுதிக்கொண்டு பஸ்ஸில வந்தா, சென்றியில சும்மா விடுவானுகளா?"

அவன் ஊர்க் களப்பை, அந்தக் கடலோர உப்பேரியைப் பற்றிய வெறும் புவியியல் கட்டுரைதான். ஆனால் யுத்தம் நடந்த அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பையைக் கொட்டி, ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் மரத்தடியில் நின்றபடியே சொன்னான். ஒரு பந்தி முடிய ஒரு விரலை மடக்கினான். நான் வாயாலேயே திருத்தினேன். அவன் திருத்தத்தோடு மறுபடி சொன்னான். கொடுக்கவேண்டிய நாளில் வளாகத்திலேயே இருந்து எழுதிக் கொடுத்துவிடுவானாம்.

"அதுக்குள்ள மறந்துபோனா?"

"மறந்துபோற வரி கட்டுரைக்குத் தேவையில்லாததுக்கா," என்றான், யோசிக்கவே இல்லை.

முடிவுக்கு நானே அழகான ஒரு வரி சொல்லிக் கொடுத்தேன். எனக்கே அதில் பெருமை.

அடுத்த கிழமை, எழுதப் போகுமுன் ஒருதரம் சொல்லிக் காட்ட வந்தான். கடைசி விரலை மடக்கும்வரை ஒரு சொல்கூடப் பிசகவில்லை. என் வரியை மட்டும் காணவில்லை.

உண்மையிலேயே மறந்தானா என்று நான் கேட்கவில்லை. அந்த வரி இல்லாமல் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது.