மறுப்புக் கட்டும் வாத்துக் கட்டும்

மலாக்காவுக்கு வந்த நாள்முதல் என்னை வியப்பில் ஆழ்த்துவது ஒன்றே ஒன்றுதான்: இங்கே என்னை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. புக்கிட் பெருவாங்கில் நான் தங்கியிருக்கும் வீட்டருகே ஓர் உணவகம் இருக்கிறது. ஒரு காலைப்பொழுதில் அங்கே ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, எங்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு முன் இது நிற்காது என்று உரக்க அறிவித்தேன். ஊரில் இப்படி ஒரு சொல்லை உதிர்த்திருந்தால் பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் சால்னா ஒழுகும் கையோடு எழுந்திருப்பார்; அவருக்கு ஆதரவாக ஒருவர், எனக்கு ஆதரவாக ஒருவர் என்று கால் மணிக்குள் இரண்டு அணிகள் உருவாகியிருக்கும். இங்கோ கல்லில் மாவு வீசிக்கொண்டிருந்த அண்ணன் புன்னகைத்தார். “இருக்கும் தம்பி. முட்டை போடவா?” என்றார். அவ்வளவுதான். தொடுத்த அம்பு பஞ்சுமூட்டையில் புதைந்ததுபோல் ஆயிற்று.

நான் மேடையில் வளர்ந்தவன். தற்பெருமை என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். எங்கள் கல்லூரியின் சொற்போர் அணிக்கு நான் தலைவனாக இருந்த காலத்தில், எதிரணியினர் என் பெயரை முதலில் பார்த்துவிட்டுத்தான் தலைப்பைப் பார்ப்பார்கள். எதிரணி ஒரு கருத்தை நட்டால், அது வேர் பிடிப்பதற்குள் பிடுங்கி எறிய வேண்டும் என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். நம் வாதத்தின் வலிமையை முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது என்பது இரண்டாவது. முதுகலைப் படிப்புக்காக மலேசியா வந்தபோது இவ்விரண்டையும் பாஸ்போர்ட்டைப் போலப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வகுப்பில் கணினியோடு பேச்சு. அறையில் சுவரோடு பேச்சு.

அந்த வறட்சியைப் போக்கியவன் கேசவன். செலண்டார் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவன். செங் தொழிற்பேட்டையில் வேலை. என் பக்கத்து அறைக்காரன். ஒரு சனிக்கிழமை மாலை என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு சீட்டுக் கடைக்கு அழைத்துப் போனான். சீட்டு என்றதும் ஊரிலுள்ள வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது பணம் வைத்து ஆடும் சீட்டு அன்று. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதமோ, பறவையோ, மந்திரமோ வண்ணமாக வரையப்பட்டிருக்கும். கடையில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி, அறுபது சீட்டுக் கட்டு ஒன்றை ஆளாளுக்கு அமைத்துக்கொள்ள வேண்டும். நால்வர் ஒரு மேசையில் அமர்ந்து, முறைக்கொரு சீட்டு எடுத்து, தத்தம் படைகளை இறக்கி மோத வேண்டும். உயிர்ப் புள்ளிகள் தீர்ந்தவர் தோற்றவர்.

எங்கள் மேசைக்கு ஒரு வரம்பும் உண்டு. கட்டின் மொத்த விலை முப்பது ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் விலையுயர்ந்த சீட்டுகளை வணங்கிவிட்டு, மூலையில் கிடக்கும், சீட்டு ஒன்று அரை ரிங்கிட்டுக்கு விற்கும் ஐம்பது சென் பெட்டிகளைத்தான் கிளற வேண்டும். மேசையில் கேசவனோடு இன்னும் இருவர். ஷர்மிளா, மருந்தகத்தில் பணிபுரிபவர். யாழ்ப்பாண வழிவந்த குடும்பம். பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். ஹஃபிஸ், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். கையும் வாயும் ஓயாதவர். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கட்டு என்ன செய்யும், எவ்வளவு வலியது என்று மற்றவர்களிடம் உண்மையாகச் சொல்லிவிடுவது அந்த மேசையின் வழக்கம். யானைக்கு எதிரே எறும்பு உட்கார்ந்து மாலையை வீணாக்கக் கூடாது என்பதற்காகவாம். எதிரியிடம் தன் வாதத்தை ஒப்புவிப்பதா? எனக்குச் சிரிப்பு வந்தது. “சாதாரணக் கட்டுதான்” என்று சொல்லி அமர்ந்தேன்.

சாதாரணமா! ஐம்பது சென் பெட்டிகளில் நான் கண்டெடுத்த புதையல் மறுப்புச் சீட்டுகள். எதிராளி ஒரு சீட்டை இறக்கும் அந்தக் கணத்திலேயே ‘இது செல்லாது’ என்று தடுத்துக் குப்பைக்கு அனுப்பும் மந்திரம் அது. மலிவானது, அழகில்லாதது, ஆனால் சொற்போர் கற்றவன் கையில் வாள். கட்டில் பாதிக்குமேல் அவற்றையே அடுக்கியிருந்தேன். ஷர்மிளா ஒரு கடல்நாகத்தை இறக்கினார், மறுத்தேன். கேசவன் மூன்று முறை பொறுத்திருந்து ஒரு கோட்டையை எழுப்பினான், மறுத்தேன். ஹஃபிஸ் ஒரு சின்னஞ்சிறு நத்தையை நீட்டினார். கொள்கை கொள்கைதானே, அதையும் மறுத்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் ஏன் மறுக்கிறேன் என்று சுருக்கமான உரையும் நிகழ்த்தினேன். வெறுமையான அந்த மேசையில் என் ஒற்றை வௌவால் பறந்து பறந்து மூவரையும் கடித்து வீழ்த்தியது. “நல்லா விளையாடுனீங்க” என்றார் ஷர்மிளா. ஹஃபிஸ் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் அவைக்கு வணக்கம் சொல்வதுபோல் தலை தாழ்த்தினேன்.

அடுத்த சனிக்கிழமை யாருக்கும் வசதிப்படவில்லை என்று கைப்பேசியில் செய்தி வந்தது. “நெக்ஸ்ட் வீக் லா” என்று இவ்வூர்ப் பேச்சின் வாலான ‘லா’வோடு சொன்னார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே நெக்ஸ்ட் வீக். நானும் அடுத்த வாரத்துக்காகக் கட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். பிறகொரு மாலை பேருந்திலிருந்து இறங்கிக் கடைப்பக்கம் நடந்தபோது கண்ணாடி வழியே பார்த்தேன்: மூவரும் சிரித்துச் சிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. இந்த நாட்டில் எனக்கென்று அமைந்த ஒரே கூட்டம் அந்த மேசைதான். அதையும் இழந்துவிட்டேன் என்று அப்போது விளங்கியது. ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. வென்றவனை விலக்குவார்களா?

ஞாயிற்றுக்கிழமை கேசவன் செலண்டாரிலுள்ள தன் வீட்டுக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன். செலண்டார் பசாரில், பாகற்காய்க் குவியலுக்கு முன் நின்றபடி, கேட்டுவிட்டேன். அவன் ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மச்சான், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீ ஜெயிச்ச, அது சரிலா. ஆனா அன்னிக்கு நாங்க மூணு பேரும் விளையாடவே இல்லயே. ஷர்மிளா ஒரு மாசமா அந்த நாகத்துக்காக டெக் கட்டிச்சு. அது டேபிள்ல ஒரு தடவ நிக்கல.”

“ரூல்ல இடம் இருக்குல்ல?”

“இருக்குலா. கல்யாண வீட்டுல பக்கத்து இலை வடைய எடுக்கக் கூடாதுன்னுகூடத்தான் எங்கயும் ரூல் எழுதல.”

“அப்ப என்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னோமே மச்சான். ரெண்டு தடவ நெக்ஸ்ட் வீக் சொன்னோம்.” அவன் பாகற்காயைக் கூடையில் போட்டான். “அதுவும் அந்த நத்தை. நத்தைய ஏன்டா அடிச்ச? ஹஃபிஸ் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.”

திரும்பும் வழியெல்லாம், எண்ணெய் தரும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே, பின்னிருக்கையில் எனக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. போட்டி மேடையில் மறுப்பு சரி. அங்கே நடுவர் உண்டு, கோப்பை உண்டு. ஆனால் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்துக்கு நாங்கள் போவோமே, அங்கே என்ன செய்தோம்? இரண்டு அணியும் ஒரே வேனில் போவோம். எதிரணி நண்பன் நகைச்சுவை சொல்லும்போது குறுக்கிட மாட்டோம். அவனுக்குக் கைதட்டல் விழுந்தால்தான் அடுத்துப் பேசும் எனக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். எதிரணியே இல்லாத பட்டிமன்றத்தைக் காண யார் வருவார்கள்? நான் பட்டிமன்றத்துக்குப் போன இடத்தில் இறுதிச் சுற்று ஆடியிருக்கிறேன்!

தோல்வியை ஒப்புக்கொள்வதிலும் ஒரு மிடுக்கு வேண்டும். மறுநாளே ஐம்பது சென் பெட்டிகளுக்கு முன் மண்டியிட்டேன். இம்முறை என் கேள்வி வேறு: வெல்வதற்கு எது என்பதன்று, மேசை கலகலக்க எது? அப்போது அகப்பட்டன வாத்துகள். யாரும் சீண்டாத சீட்டு அது. அந்த வாத்து இறங்கினால், இறக்கியவருக்கு மட்டுமன்றி, மேசையிலுள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு குஞ்சு கிடைக்கும். எதிரிக்கும் படை கொடுக்கும் வாத்தை எந்த வீரன் வாங்குவான்? பெட்டி பெட்டியாகக் கிடந்தது. கூடவே, எல்லோரையும் ஒரு சீட்டு அதிகமாக எடுக்கவைக்கும் குளம். குஞ்சுகளைப் பெருக்கும் மழை. குஞ்சுகள் எத்தனையோ அத்தனை வலிமை பெறும் ஒரு கிழட்டு முதலை. நான் வெல்ல வேண்டுமானால் முதலில் எல்லோரும் செழிக்க வேண்டும். இருந்தாலும் பழகிய கை அடங்கவில்லை; ஒரே ஒரு மறுப்புச் சீட்டை உள்ளே செருகினேன்.

குஞ்சுகளுக்கு அடையாளமாக மேசையில் எதையாவது வைக்க வேண்டுமே. பசாரில் வறுத்த கொண்டைக்கடலை வாங்கினேன். எண்ணெய் படாதது, மஞ்சளாக, பார்க்கவும் வாத்துக்குஞ்சு போலவே இருந்தது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணி நான் கொண்ட பெருமிதம் எத்தகைய விளைவுக்கு வழிகோலப்போகிறது என்பதை அப்போது அறியேன்.

கேசவன் எனக்காகப் பேசி ஓர் இடம் வாங்கித் தந்தான். ஒரே ஒரு ஆட்டம் என்று பேச்சு. வழக்கப்படி என் முறை வந்தபோது என் கட்டின் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒற்றை மறுப்பையும் மறைக்கவில்லை. ஷர்மிளா புருவத்தை உயர்த்தினார். பிறகு வாத்து இறங்கியது, கடலை பரிமாறப்பட்டது. குளம் வந்தது, மழை வந்தது. நான்கு பேர் முன்னும் கடலை குவிந்தது. கடல்நாகம் வந்தபோது மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் அந்தச் சீட்டு இருந்தது. போட்டேன்.

“அதானே பார்த்தேன்” என்றார் ஷர்மிளா. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்; அவரிடம் இரண்டாவது நாகம் இருந்தது. அது இறங்கி நின்றது, மேசையே கைதட்டியது.

அப்போதுதான் கேசவன் ஹஃபிஸின் பக்கம் குனிந்து, அவருடைய படை எங்கே என்று கேட்டான். ஹஃபிஸ் வாயசைப்பதை நிறுத்தினார். அவர் முன்னே ஒரு கடலைகூட இல்லை. யோசனையில் ஆழ்ந்தவர், தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்திருந்தார்.

தின்ற குஞ்சு செத்ததா, இருக்கிறதா? மலாக்காவுக்கு வந்தபின் நான் கேட்ட முதல் விவாதம் அங்கே வெடித்தது. மேசையில் இல்லாதது படையிலும் இல்லை என்று நான் எழுந்து நின்றே முழங்கினேன். “உக்காருங்கலா” என்றார் ஷர்மிளா. கடலை வெறும் அடையாளம். பெயர்ப்பலகை விழுந்தால் பள்ளிக்கூடம் இடிந்ததாகிவிடுமா என்று கேட்டார். பசியில் தன் படையைத் தின்ற தளபதிக்குத் தண்டனை வேண்டாமா என்று கேசவன் என் பக்கம் சேர்ந்தான். குஞ்சுகள் தன் வயிற்றில் பாதுகாப்பாக இருப்பதாக ஹஃபிஸ் மலாயில் வாக்குமூலம் அளித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் அணி பிரிந்தார்கள். கடைக்காரர் லிம் வந்து இருதரப்பையும் கேட்டு, ஷர்மிளா சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தார். ஹஃபிஸின் தின்னப்பட்ட படை திரும்ப வந்து, என் முதலையையும் என்னையும் சேர்த்து வீழ்த்தியது. வாதிலும் தோற்றேன், ஆட்டத்திலும் தோற்றேன். அன்றுபோல் நான் வயிறு வலிக்கச் சிரித்ததில்லை.

கிளம்பும்போது யாரும் பாராட்டவில்லை. ஷர்மிளா உறைக்குள் சீட்டுகளைச் செருகியபடி, “அடுத்த சனிக்கிழமை எனக்கு லேட் ஷிஃப்ட், இவனுங்களும் நேரத்துக்கு வரமாட்டானுங்க. நீங்க கொஞ்சம் முன்னாடி போய் டேபிள் புடிச்சு வைங்க” என்றார். சற்று நின்று, “கடலை ரெண்டு பாக்கெட் வாங்குங்க. ஒண்ணு ஹஃபிஸுக்கு” என்றார். என் மேடை வாழ்வில் எனக்கு எத்தனையோ பொறுப்புகள் தரப்பட்டதுண்டு. எதையும் இவ்வளவு கவனமாக நான் ஏற்றதில்லை.

இதை அந்த மேசையிலிருந்துதான் எழுதுகிறேன். சனிக்கிழமை; கடையில் கூட்டம். மூன்று நாற்காலிகளையும் பிடித்து வைத்திருக்கிறேன்: ஒன்றில் குடை, ஒன்றில் கடலைப் பை, கேசவனுடையதில் விருதுநகர் என்ற ஊர்ப்பெயரோடு என் கல்லூரி முத்திரை பொறித்த துணிப்பை. சற்றுமுன் ஒரு மாணவன் வந்து அந்த நாற்காலியைத் தொட்டு, காலியா என்று மலாயில் கேட்டான். யோசிக்காமலே ‘அடா ஓராங்’ என்றேன். ஆள் இருக்கிறார் என்று பொருள். அவன் தலையசைத்துப் போய்விட்டான். அப்போதுதான் அந்தப் பையைப் பார்த்தேன். இந்நேரம் விருதுநகரில் சொற்போர் அணி கூடும் அறையில் என் நாற்காலியில் யாரோ ஒரு புதிய தலைவன் சாய்ந்து அமர்ந்திருப்பான். அங்கே ஆள் இருக்கிறார் என்று எனக்காகச் சொல்ல எவருமில்லை. இங்கே என் ஊரின் பெயர், செலண்டார்க்காரன் ஒருவனுக்காக, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.