தளி ரோட்டில் ஒரு நிறுத்தம்

வண்டியை நிறுத்தினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். கண் நிறையணும், இல்லை வயிறு நிறையணும். சும்மா நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

மகன் கார் வாங்கியதும் எங்கெங்கே நிற்கலாம் என்று என்னைத்தான் கேட்டான். உடுமலைப் பக்கம் நான் பிறந்த இடம். பொள்ளாச்சி தாண்டி வாய்க்கால் மேட்டில் கட்டுச்சோறு. திருமூர்த்தி மலையில் குளியல். சாயங்காலம் அமராவதி அணை, மீன் வறுவல். நடுவில் தளி ரோட்டில் ஒரு இளநீர்க் கடையும் சொன்னேன்.

அந்தக் கடைக்கு எதிரே உள்ள மண் தடம் என் அண்ணன் தோட்டத்து வீட்டுக்குப் போகிறது. அதைச் சொல்லவில்லை.

நாங்கள் சுற்றப் போகும் நாளுக்கு மறுநாள் அண்ணனைக் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன். சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார். நான் அந்த வீட்டுக்குப் போய் வருசக்கணக்காகிறது. அவர்கள் புது வீடு குடி போனபோது வாசலில் நங்கை நின்றாள். அண்ணன் சம்சாரத்தை அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு முன்னால் போனவர்களை வாங்க என்றாள். பின்னால் வந்தவர்களையும் வாங்க என்றாள். என்னை மட்டும் வாங்க என்று கேட்கவில்லை. சாப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

வாங்க என்று கேட்காத வீட்டில் நாங்கள் கால் வைப்பதில்லை. ஆனால் ஆப்பரேசனுக்கு முன்னால் அண்ணன் முகத்தைப் பார்க்கணும். கடையில் நின்றால் அந்த வீட்டு ஆள் யாராவது பார்த்து ஒரு வார்த்தை கேட்பார்கள். அதுதான் என் கணக்கு.

கடையில் இறங்கியதும் மருமகள் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க என்னங்கத்தை பாக்கறது?"

"காத்து நல்லா வரும், அம்மணி."

"அந்தக் கரண்டுக் காத்தாடியே சுத்தாம நிக்குதுங்க."

மகன் சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு எளநி குடிச்சாச்சு. இன்னொண்ணு குடிச்சா அணை வரைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் போகோணும்" என்றார். பிறகு மெதுவாக, "போறதுன்னா போயிட்டு வா."

"கேக்காம எப்படீங்க போறது?"

வெயில் சாய்ந்தது. மகன் கிளம்பலாமா என்றான். இன்னொரு காய் வெட்டச் சொன்னேன்.

அப்போதுதான் தடத்திலிருந்து மொபெட் வந்தது. பால் கேனோடு நங்கை. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தாள்.

"எங்க, தூரமா?"

"அணைக்குங்க."

"தண்ணி நெறையக் கெடக்குதாமா."

"அப்படீங்களா."

நான் காத்திருந்தேன். அவள் கண் வீங்கியிருந்தது. கேனைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொசைட்டில பால் ஊத்திப்போட்டு வரோணும். நேரமாச்சு."

போய்விட்டாள்.

மகன் வண்டியை எடுத்தான். நான் கதவில் கை வைத்தேன். ஏற முடியவில்லை. திரும்பித் தடத்தில் நடந்தேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் கட்டிலில் வாய் திறந்து கிடந்தார். பாதி ஆளாகிவிட்டார். நெஞ்சையே பார்த்தேன். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. அப்புறம் ஏறி இறங்கியது. எழுப்பாமல் தரையில் உட்கார்ந்தேன்.

மொபெட் சத்தம் கேட்டது. எழுந்து போ என்று சொன்னால் என்ன செய்வேன்? நங்கை காலிக் கேனோடு நிலைப்படியில் வந்து நின்றாள். அவள் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"வாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "என்ற ஊட்டுக்குள்ள என்னையவே வாங்கங்கறீங்களா?"

"ஆராச்சும் ஒருத்தர் கேக்கோணுமில்லீங்க."

அவள் சிரிக்கவில்லை. கேனைக் கீழே வைத்தாள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பீறாதீங்க" என்றாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தாள். அதில் எதையும் வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா, வெளிய நா ஒருத்தியா எப்படி உக்காந்திருப்பேன்னு தெரியலை."

"நானும் வாரனுங்க."

மகன் போன் செய்தான். நீங்கள் அணையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், நான் காலையில் இவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டான். அப்பாவைக் கேள் என்று வைத்துவிட்டேன்.

கொடியிலிருந்து அண்ணன் வேட்டிகளை எடுத்து மடித்தேன்.

"ரெண்டு போதுமுங்களா?"

"இன்னொண்ணும் வைங்க" என்றாள் நங்கை.