அப்பா வாங்கிவந்த இரண்டாவது ஃபாரம்

எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். அதில் நான் இரண்டாவது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இதில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று எந்தத் தேர்வை எடுத்தாலும் என் ரேங்க் கார்டின் அடியில் சிவப்பு மையில் ஒரு '2' இருக்கும். அந்த '1' எப்போதும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவளுக்குத்தான். அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் அவளைக் 'கீழ்பென்னாத்தூர்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவள் என்னை 'ஜெராக்ஸ்' என்பாள்.

அதற்குக் காரணம் அப்பா. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மற்ற மாதங்களில் எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட். மே, ஜூனில் ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட். யாருக்கு எவ்வளவு மார்க் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மத்தியானம் சாப்பிட வரும்போது முகமே மலர்ந்திருக்கும்.

"இன்னிக்கு ஒரு பையன் வந்தான். கணக்குல எறநூறுக்கு எறநூறு. காப்பி எடுக்கும்போதே எனக்குக் கை நடுங்குது."

"சாம்பார்ல கை வெச்சினு நடுங்காதீங்க" என்பார் அம்மா.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. மூன்று காப்பி கேட்டால் நான்கு எடுப்பார். "எதுக்கும் ஒண்ணு ஜாஸ்தி இருக்கட்டும்மா, அங்க போய்க் கம்மியாச்சுன்னா யார கேப்பே?" என்பார். என் ரேங்க் கார்டு ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காப்பி எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்வார். அந்த ஃபைலைப் புரட்டினால் 2, 2, 2 என்று ஏழு வருஷம் ஓடும். காப்பியில் சிவப்பு மை கறுப்பாகிவிடுவது மட்டும்தான் ஆறுதல்.

பிளஸ் டூ படிக்கும்போது சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே இயற்பியல் துறை மாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறதாம். எனக்கு அது போதும். இன்ஜினியரிங், மெடிக்கல் எதுவும் வேண்டாம், அந்த மாடிக்கு ஏற வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் முழுக்கச் சனிக் கிரகமாக வரைந்து தள்ளினேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே அந்தக் கல்லூரியில் ஃபாரம் கொடுப்பார்கள். அதில் அரையாண்டுத் தேர்வில் வகுப்பில் என்ன ரேங்க் என்று ஒரு கட்டம் இருக்கும், ஹெச்.எம். எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டும் என்றார்கள்.

ஒருநாள் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது காப்பி எடுக்க வந்த ஒருவர், நான் அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னதும், "அங்கயா? ஒரு ஸ்கூலுக்கு ஒரு பொண்ணத்தான் எடுப்பாங்க. ஃபர்ஸ்ட் ரேங்க் இருந்தா ட்ரை பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். கீழ்பென்னாத்தூர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அவள் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரி இருப்பதே அவளுக்குத் தெரியாது. நானாக வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பரீட்சை முடிந்த மே மாதம், மிஷினுக்கு டோனர் வாங்க அப்பா சென்னை போனார். வரும்போது கல்லூரியில் ஃபாரமும் வாங்கி வருவதாக ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் பையைப் பிரித்தால் இரண்டு ஃபாரம் இருந்தன.

"ரெண்டு எதுக்குப்பா? நான் ஒண்ணும் அடிச்சு அடிச்சு எழுத மாட்டேன்."

"உனக்கு ஒண்ணு. அந்தக் கீழ்பென்னாத்தூர் பொண்ணுக்கு ஒண்ணு."

"அவ கேட்டாளா?"

"கேக்கல. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கற பொண்ணு. அவங்க வீட்ல யாரு மெட்ராஸ் வரைக்கும் போய் வாங்கியாரப் போறாங்க? நான்தான் போயிருந்தனே. பாக்கும்போது குடுத்துடு."

எதற்கும் ஒன்று ஜாஸ்தி! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஸ்கூலுக்கு ஒருத்திதான் என்பதை அவரிடம் சொல்லவும் பயம். சொல்லியிருந்தால், "அப்படின்னா அவ போறதுதானே நியாயம்" என்று மார்க் ஷீட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு சொல்லியிருப்பாரோ என்னவோ.

என் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். கட்டத்தில் '2' எழுதி சீல் வைத்தார். மற்ற எழுத்தையெல்லாம் விட அந்த '2' மட்டும் தடியாக இருந்ததுபோல் எனக்குப் பட்டது. இன்னொரு ஃபாரத்தை என் பிசிக்ஸ் கைடுக்குள் வைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நுழைவுத் தேர்வு கோச்சிங்குக்காகக் கீழ்பென்னாத்தூர் தினமும் எங்கள் ஊருக்கு வந்தாள். அந்த வாரத்தில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, மிளகாய்த்தூள் ஜாஸ்தியாக இருந்த பாதியை எனக்குத் தந்தாள். எனக்குக் காரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஃபாரம் என் தோள்பையில் இருந்தது. வெள்ளரிப்பிஞ்சைத் தின்றேன், கண்ணில் நீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன். ஃபாரத்தைக் கொடுக்கவில்லை.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் சாதிச் சான்றிதழ் காப்பி எடுக்கக் கடைக்கு வந்தாள். அவள் காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து அப்பா மூடியை மூடியதும் கரண்ட் போய்விட்டது. இனி வருகிற வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்பா ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஃபாரம் ஃபில்லப் பண்ணிட்டியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மிஷினைப் பார்த்தேன்.

"பண்ணினு இருக்கேன் அங்கிள்."

"ஹெச்.எம். சைன் மறந்துடாத. ரேங்க் போடற எடத்துல சீல் இருக்கணும்."

"சரிங்க அங்கிள். ஏய் ஜெராக்ஸு, கொஞ்சம் வெளிய வா, காத்து வாங்கலாம்."

வெளியே வெயிலில் காற்றே இல்லை. "இன்னா ஃபாரம்?" என்றாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொலைநோக்கி, ஒரு ஸ்கூலுக்கு ஒருத்தி, பஸ் ஸ்டாண்ட், வெள்ளரிப்பிஞ்சு எல்லாம்.

"ஒருத்தர்தான்னு யாரு சொன்னது?"

"கடைக்கு வந்த ஒருத்தர்."

"அவரு அந்தக் காலேஜா?"

"தெரியாது."

"அவரு பொண்ணு அங்க படிக்குதா?"

"கேக்கல."

"இதனாலதான்டி நீ ரெண்டாவது. கேள்விய முழுசா படிக்காமயே பதில் எழுதிடுவ." கையை நீட்டினாள். "எங்க வெச்சிருக்க?"

"பிசிக்ஸ் கைடுல."

"நல்ல எடம். அதத் தொறந்து நீயே பாக்க மாட்ட."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "நீயே ஃபில்லப் பண்ணு. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். அடிச்சன்னா வேற ஃபாரத்துக்கு நீதான் மெட்ராஸ் போவணும்." கரண்ட் வரும் வரை கடைப் பலகையில் உட்கார்ந்து அவளுடைய ஃபாரத்தை நான் எழுதினேன். அடித்தல் இல்லாமல். அப்பா இரண்டு பேரையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது என்ன என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இன்டர்வியூவுக்கு அப்பாவே எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். கல்லூரி ஆபீசில் இருந்த பெண்மணியிடம் முதல் வேலையாக, "ஒரு ஸ்கூலுக்கு ஒருத்தரத்தான் எடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டேன். "யாரும்மா இதெல்லாம் கெளப்பி விடறது?" என்றார் அவர். பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

உள்ளே மூன்று பேராசிரியைகள். ரேங்க்கைப் பார்த்த ஒருவர், "அப்போ ஃபர்ஸ்ட் யாரு?" என்றார்.

"வெளியில உக்காந்திருக்கா மேடம்."

மூவரும் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்து தொலைநோக்கியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். முடித்ததும் மூத்தவர் சொன்னார்: "அது ரெண்டு வருஷமா ரிப்பேர்ல இருக்கும்மா."

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கெமிஸ்ட்ரி என் காலை வாரிவிட்டது, வகுப்பில் ஐந்தாவது. அந்த '2' எவ்வளவு நல்ல எண் என்று அன்றுதான் புரிந்தது. கல்லூரியின் பட்டியலில் கீழ்பென்னாத்தூரின் பெயர் இருந்தது. என் பெயர் வெயிட்டிங் லிஸ்ட்டில், எல்லாருக்கும் மேலே.

"பாத்தியா, ஒருவழியா ஃபர்ஸ்ட் வந்துட்ட" என்றாள்.

சிரித்தேன். ஆனால் அடுத்த மூன்று வாரம், தபால்காரர் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

ஜூலையில் அவளுக்கு கவுன்சிலிங்கில் சேலத்தில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அந்தக் கடிதத்தைக் காப்பி எடுக்கக் கடைக்கு வந்தவள், வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். "மெட்ராஸ் காலேஜுக்கு லெட்டர். எனக்கு சீட் வேணாம்னு. எழுது."

"தபால்ல போட்டா லேட்டாகும்" என்றார் அப்பா. "நாளைக்கு டோனருக்குப் போறேன். நானே குடுத்துடறேன்."

எழுதினேன். பெயர், விண்ணப்ப எண், பாடம் எல்லாம் ஓடிவந்தன. இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்கிற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல. நீயும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

உண்மையாகத்தான் சொன்னேன். அவள் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படின்னா எழுதாத. நான் சேலம் போவல, அங்கயே சேந்துக்கறேன்."

அந்த வரியை எழுதிய வேகத்தில் அதற்கு முன் நான் எதையும் எழுதியதில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். அதனால் கையெழுத்து கோணலாகிவிட்டது.

அப்பா கடிதத்தை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தார். ஒரு காப்பி கேட்டிருந்தாள். இரண்டு வந்தன.