பத்தாவது பெயர்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, நான் வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அடுத்த செமஸ்டருக்குக் கணிதத் துறையிலிருந்து ஒரு பாடம் எடுத்தாக வேண்டும். ஒன்று நியூமரிக்கல் மெத்தட்ஸ். பி.எஸ்சி.யிலேயே பாதி படித்தது, கண்ணை மூடிக்கொண்டு பாஸாகலாம். இன்னொன்று குரூப் தியரி. ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் போன வருஷம் எடுத்த சீனியர்களில் பலருக்கு அரியர்.

எனக்கு அரியர் என்பது வெறும் மார்க் விஷயம் இல்லை. என் அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் படிச்சது போதும், மறுநாளே அக்காகூட கம்பெனி பஸ் ஏறிடு" என்று என்னைச் சேர்க்கும்போதே அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷர்.

குரூப் தியரி வகுப்பு நடக்க வேண்டுமானால் பத்துப் பேராவது சேர வேண்டும். துறை வாசலில் இரண்டு பாடத்துக்கும் தனித்தனியாகத் தாள் ஒட்டியிருந்தார்கள். குரூப் தியரி தாளில் என் தோழிதான் முதல் ஆள். அவளுக்கு முன்னால் வீறாப்பாக நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னோடு சரியாகப் பத்து.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். கடைசி நாள் மத்தியானம், வராண்டாவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பெயரை அடித்தேன். பக்கத்துத் தாளில் எழுதிவிட்டு, திருடியவளைப் போல ஊருக்கு பஸ் ஏறினேன். பத்து ஒன்பதாகிவிடும் என்று தோன்றவே இல்லை என்றால் அது பொய். வேறு யாராவது சேருவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பஸ் பள்ளிகொண்டாவை நெருங்கும்போது தோழியிடமிருந்து போன்.

"இன்னாடி, எங்க இருக்கிற? லிஸ்ட்டுல ஒரு பேரு கம்மியா இருக்கு. நாலு மணிக்கு எடுத்துட்டுப் போய்டுவாங்க."

"அப்படியா?" என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

போனை வைத்ததும் அரியர் பயம் போதாதென்று, அவளுடைய படிப்பில் மண்ணைப் போட்டது நான்தான் என்று தெரிந்துவிடுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பள்ளிகொண்டாவில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, வேலூர் பஸ் பிடித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் நாலு தாண்டிவிட்டது. வாசலில் தாள் இல்லை. துறைத்தலைவர் அறைக்குள் மூச்சு வாங்க நின்றேன். என் பெயரை அடித்தது நான்தான் என்று சொன்னேன்.

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மறுபடி எழுதினா இனிமே மாத்த முடியாதும்மா. தெரியுமில்ல?"

தலையாட்டினேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று அழுதேன்.

முதல் டெஸ்ட்டில் இருபத்தைந்துக்கு ஆறு. அதை வீட்டில் சொல்லவில்லை. செமஸ்டர் ரிசல்ட் அன்று போனைத் திறக்கவே தைரியம் இல்லாமல் தோழியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறி பாஸ்.

போனைத் திருப்பிக் கொடுத்தபடி அவள் சொன்னாள்: "அன்னிக்கு உன் பேர அடிச்சிருந்தத பாத்துட்டுத்தான்டி போன் பண்ணேன். எனக்கும் பயம்தான். நீயே போய்ட்டன்னதும் என் பேரையும் அடிச்சிடலாம்னு பேனாவ எடுத்துட்டேன், அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு தடவ பேசிடலாம்னுதான்."

அவளுக்குப் பயமே கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் எதில் கையெழுத்துப் போட்டாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது; ஆனால் போட்டதை அடிக்கத் தோன்றும்போதெல்லாம், என்னைப் பார்த்துப் பேனாவை எடுக்கிற இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறாளோ என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.