ஆய்வுக்கூடத்துத் திருடி

திருடியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட இடம் உலகத்தில் அந்த ஆய்வுக்கூடம் ஒன்றாகத்தான் இருக்கும். திருடி வேறு யாருமில்லை, அங்கே ஆராய்ச்சி செய்யும் அக்காவின் இரட்டைத் தங்கை. அச்சில் வார்த்த மாதிரி அதே முகம்.

அக்கா செய்வது முகத்தால் திறக்கும் பூட்டு. முகத்தைப் படமாக எங்கும் வைக்க மாட்டாள். களவு போனால் வேறு முகத்துக்கு எங்கே போவது? முகத்தின் அளவுகளோடு ஒரு ரகசிய எண்ணைப் பின்னிப் பூட்டிவிடுவாள். அதே முகம் வந்தால்தான் எண் வெளியே வரும். ஜலதோஷ முகம், தூங்காத முகம் என்று சற்று மாறி வந்தாலும் திறக்க வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் சலுகை உண்டு. சலுகை கூடினால் கண்டவரும் நுழைவார். குறைந்தால் வீட்டுக்காரரே வாசலில் நிற்பார். அந்த அளவைப் பிடிக்கத்தான் தங்கை துணிக்கடை வேலை முடிந்ததும் வந்து அக்காவின் பூட்டை உடைக்கப் பார்ப்பாள். தோற்றுவிட்டால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காலையில் முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போயிற்று. நரம்புக் கோளாறு, உயிருக்கு ஒன்றுமில்லை, பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தங்கை கடைக்குப் போவதை நிறுத்தினாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். தங்கையின் பழைய முகத்தை வைத்துப் பூட்டிய பூட்டும் ஆய்வுக்கூடத்தில் ஒன்று உண்டு. அதைத் திறந்து பார்க்க அக்கா கெஞ்சிக் கூத்தாடி அவளை அழைத்தாள்.

“என் பூட்டே என்னை வேற யாரோன்னு சொல்லிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?”

“சொல்லாது, வா.”

பூட்டு திறந்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும்?

“இப்ப நீ உக்காரு.”

“நான் எதுக்குடி?”

“உக்காருன்னா உக்காரு.”

தங்கையின் பூட்டு அக்காவுக்கும் திறந்தது. தங்கை வெளியே போய்க் காவலாளியைக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். பாவம், அந்த மீசைக்காரருக்கும் திறந்தது.

அவர் போனதும் தங்கை கேட்டாள். “சலுகையைக் கூட்டி வச்சிருக்கியா?”

“உனக்குத் திறக்கலேன்னா என்னால தாங்க முடியாதுடி,” என்று அக்கா உடைந்து அழுதாள். இத்தனை வருட ஆராய்ச்சியில் அவள் செய்த ஒரே பித்தலாட்டம் அது.

“ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் திறக்கிற பூட்டு எனக்கு எதுக்கு? பழைய அளவுக்கே வை.”

வைத்தாள். தங்கைக்குத் திறக்கவில்லை. தங்கை திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அதை அழிச்சிடு. இந்த மூஞ்சியை வச்சுப் புதுசாப் பூட்டு.”

கோணிய வாயும் முழுதாக மூடாத கண்ணுமாக அவள் கேமராவுக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். சலுகையைத் தொடாமல் அக்கா பூட்டினாள். தங்கை மறுபடி முகத்தைக் காட்டியதும் திறந்தது. பிறகு அக்கா உட்கார்ந்து பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள், அப்போதும் இல்லை.

“தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது,” என்று தங்கை அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.